கண் போவது தலைவிதியா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சர்க்கரை வியாதியால் கண் போவதைப் பற்றியும், அதற்கு லேசர் என்னும் வெளிச்சத்தைக் கொண்டு செய்யப்படுகின்ற வைத்தியத்தைப் பற்றியுமாகும். கடவுள், மதம், ஜாதி ஆகியவைகளைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் கண் வைத்தியத்திற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வேலை இருக்கிறது. நம் நாட்டில் ஒருவனுக்குக் கண் போனால் அது எதனால் போயிற்று என்று விசாரிக்கும் வழக்கம் மிகவும் குறைவு. பூர்வ ஜென்ம பாவம் என்பான் ஒருவன். சனியின் பார்வை என்பான் மற்றொருவன். அம்மன் குற்றம் என்பாள் ஒருத்தி. இவ்வளவும் இல்லாவிட்டால், வயதாகிவிட்டது, தலைவிதி என்று வீட்டிலுள்ளவர்களே தீர்ப்புச் சொல்லி, திண்ணையில் ஒரு மூலையைக் காட்டி உட்கார வைத்துவிடுவார்கள். எங்கே காரணம் தெரியவில்லையோ அங்கேதான் கடவுளுக்கு இடம் கிடைக்கிறது. ஆகவே காரணத்தைச் சொல்லுவது நம் வேலையே ஆகும்.

நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகின்ற தோழர் ஒருவர் இருக்கிறார். கைத்தறி நெசவு செய்கிறவர். வயது 50க்கு மேல். சர்க்கரை வியாதி கண்டு 12 வருஷம் ஆகிறது. நினைத்தால் மாத்திரை போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். ஒரு நாள் காலையில் தறியில் உட்கார்ந்தவருக்கு வலக்கண்ணின் முன்னால் ஒட்டடை தொங்குவதுபோல் தெரிந்தது. கையால் விலக்கிப் பார்த்தார், போகவில்லை. சாயங்காலத்திற்குள் அந்த ஒட்டடை கறுத்த திரையாகிக் கண்ணையே மூடிவிட்டது. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவும் இல்லை. ஆகவே வீட்டிலுள்ளவர்கள் இது வியாதி அல்ல, அம்மன் குற்றம் என்று தீர்மானித்து, மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினார்கள். ஒருவர் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்தார். ஒருவர் தாய்ப்பாலை விடச் சொன்னார். இப்படியே 3 மாதம் போயிற்று. இடக்கண்ணிலும் ஒட்டடை தெரிய ஆரம்பித்த பிறகுதான் நம்மிடம் வந்து சொன்னார். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனோம்.

வலக்கண்ணில் ரத்தம் கட்டி, சவ்வு வளர்ந்து, அது விழித்திரையைப் பிய்த்து இழுத்துவிட்டிருந்தது. ஆபரேஷன் செய்தும், வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரிவதற்கு மேல் பலன் கிடைக்கவில்லை. இடக்கண்ணுக்கு 3 தடவையாக லேசர் வைத்தியம் செய்தார்கள். அந்த ஒரு கண்தான் இன்று அவரைத் தறியில் உட்கார வைத்து அவர் குடும்பத்திற்குச் சோறு போடுகிறது.

அவர் நம்மைக் கேட்டார்: "ஐயா, வலி இல்லை, ஒரு குறியும் இல்லை. கண்ணுக்குள் இப்படி நடக்கிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்ளுவது?" என்று. நமக்கு வெட்கமாய் இருந்தது. ஏன்? அவர் 10 வருஷமாக நம் கூட்டத்திற்கு வருகிறார். ராகு இல்லை, கேது இல்லை என்று அவருக்கு நாம் 100 தடவை சொல்லியிருப்போம். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்னும் என்று ஒரு தடவையாவது சொன்னோமா? இல்லை. அவர் கண்மலர் சாத்தியது அவர் வீட்டார் குற்றமானால், அவருக்கு வேறு வழி சொல்லாமல் இருந்தது நம் குற்றம். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

முதலில் வியாதி இன்னது என்று பார்ப்போம். கண்ணின் உள்ளே பின்புறச் சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அதற்கு மயிரினும் மெல்லிய ரத்தக் குழாய்கள் பாய்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் மிதமிஞ்சி நின்றால் இந்தக் குழாய்களின் சுவர் கெட்டுப்போகிறது. கெட்ட குழாய் சில இடத்தில் கசிகிறது, சில இடத்தில் அடைத்துக்கொள்ளுகிறது. கசிந்த நீர் விழித்திரையின் நடு மையத்தில் தேங்கினால் எழுத்தும் முகமும் மங்குகின்றன. அடைத்துக்கொண்டால் விழித்திரையின் ஒரு பாகம் பிராணவாயு இல்லாமல் பட்டினி கிடக்கிறது.

இனி நடப்பது காவிரிப் பாசனக்காரர்களுக்குச் சுலபமாக விளங்கும். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் அங்குள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? கூச்சல் போடுவார்கள், கரையை வெட்டிக் கள்ள வாய்க்கால் இழுப்பார்கள். அதுபோல் பட்டினி கிடக்கும் விழித்திரை ஒரு ரசாயனப் பொருளை உண்டாக்கிப் புதுக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. இந்தப் புதுக் குழாய்கள் உதவாக்கரைகள். பலமில்லாதவை. ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தத்தைக் கொட்டுகின்றன. தோழர் கண்ட ஒட்டடை அந்த ரத்தந்தான். பிறகு அவ்விடத்தில் தழும்புச் சவ்வு வளர்ந்து விழித்திரையையே சுவரிலிருந்து பிய்த்துவிடுகிறது. இவ்வளவும் நடக்கும்வரை பார்வை நன்றாகவே இருக்கக்கூடும். பத்திரிகை படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். ஆகவே "எனக்குக் கண் நன்றாய்த் தெரிகிறது, எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லுவது, ராகு காலத்தில் புறப்பட்டால் காரியம் கெடும் என்பதைப் போன்றதொரு மூடநம்பிக்கையே ஆகும். இந்த மூடநம்பிக்கை பகுத்தறிவுக்காரர்களிடமும் தாராளமாக இருக்கிறது.

நிற்க, இந்த வைத்தியத்தை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பதைச் சற்றுக் கேளுங்கள். இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது.

உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கும் கருவியை ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் செய்து 1851இல் உலகத்திற்கு வெளியிட்டார். அதற்கு முன் கண்மணி என்பது ஒரு கறுத்த வட்டம், அவ்வளவுதான். 1922 ஜனவரியில் கனடா நாட்டு டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதன் பிறகு சர்க்கரை வியாதிக்காரர்கள் நெடுங்காலம் உயிரோடு இருக்கத் தொடங்கினார்கள். உயிர் நீண்டது, நீண்ட உயிருக்குக் கண் தொல்லை பின்னாலேயே வந்தது. அதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

1945 ஜூலை 9ந் தேதி ஒரு சூரிய கிரகணம் வந்தது. கிரகணம் என்றால் நம் ஊரில் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டில் தர்ப்பையைப் போடுவார்கள், கர்ப்பிணியை அறையில் அடைப்பார்கள், ஆற்றில் முழுகுவார்கள், புரோகிதனுக்குத் தட்சிணை கொடுப்பார்கள். பாம்பு சூரியனை விழுங்கிக் கக்கிவிட்டுப் போகும். ஆயிரக்கணக்கான வருஷமாக இப்படிக் கிரகணம் கொண்டாடிய நமக்குக் கிடைத்தது என்ன? தலை முழுகியதால் வந்த ஜலதோஷந்தான்.

அதே கிரகணத்தை ஜெர்மனியில் ஒரு வைத்திய மாணவர் கண்ணுக்குக் காப்பில்லாமல் வெறித்துப் பார்த்துவிட்டார். விழித்திரையின் மையம் வெந்துபோயிற்று. ஹாம்பர்க் நகரில் அவரைச் சோதித்தவர் மேயர்-ஷ்விக்கராத் என்னும் இளம் கண் டாக்டர். அவர் அந்த வெந்த தழும்பைப் பார்த்து, ஐயோ பாவம், கிரக தோஷம் என்று சொல்லவில்லை. "விழித்திரையில் ஓட்டை விழுந்தால் கண்ணை அறுத்துச் சூடு வைத்து இப்படித்தானே தழும்பு உண்டாக்குகிறோம்? அறுக்காமலே வெளிச்சத்தைக் கொண்டு வேண்டிய இடத்தில், வேண்டிய அளவுக்குச் சூடு வைத்தால் என்ன?" என்று யோசித்தார். ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் கண்ணாடிகளை அமைத்து, சூரிய வெளிச்சத்தை உள்ளே இறக்கி, 1949இல் நோயாளிகளுக்கு வைத்தியம் செய்தார். ஜெர்மனியின் சூரியன் பாதி நாள் மேகத்திற்குள் இருப்பதால், பிறகு செனான் விளக்கைக் கொண்டு ஒரு யந்திரம் செய்துகொண்டார். கிரகணத்தால் ஒரு கண் கெட்டது; கெட்ட காரணத்தை விசாரித்ததால் லட்சக்கணக்கான கண்கள் பிழைத்தன. ராகு கதையையே நம்பிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

1960இல் அமெரிக்காவில் மெய்மன் என்பவர் முதல் லேசரை உண்டாக்கினார். லேசர் என்றால் மந்திரமல்ல. ஒரே நிறத்தில் சிதறாமல் செல்லுகின்ற பலமான வெளிச்சம், அவ்வளவே. பாஸ்டன் நகரத்து ஜோஸ்லின் நிலையத்து டாக்டர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார்கள். வேறு காரணங்களால் விழித்திரையில் நிறையத் தழும்பு விழுந்திருந்த சர்க்கரை நோயாளிகளுக்கு, அந்தக் கண்ணில் மட்டும் இந்த வியாதி முற்றுவதில்லை. அப்படியானால் நாமே தழும்பை உண்டாக்கினால் என்ன என்று 1967 வாக்கில் சிவப்பு லேசரைக் கொண்டு செய்து பார்த்தார்கள். 1968இல் நியூயார்க்கில் லெஸ்பெரான்ஸ் என்னும் டாக்டர் ஆர்கான் லேசரைக் கொண்டுவந்தார்.

தோழர்களே! இனிச் சொல்லுவதைத்தான் நீங்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். பெரிய டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக யாரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. விழித்திரையைச் சுடுவது என்பது விளையாட்டா? நன்மையா தீமையா என்று பார்க்க, 1972 முதல் அமெரிக்காவில் 15 ஆஸ்பத்திரிகளில் 1,700க்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் சோதனை செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு வைத்தியம், மற்றொரு கண்ணுக்கு ஒன்றும் செய்வதில்லை. எந்தக் கண்ணுக்கு என்பதைக் குலுக்கிப் போட்டாற்போல் முடிவு செய்தார்கள். ஒரே மனிதன், ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே தலைவிதி. வித்தியாசம் லேசர் ஒன்றுதான். 2 வருஷத்தில் பார்த்தால், ஒன்றும் செய்யாத கண்களில் 100க்கு 16 பார்வையைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. லேசர் வைத்த கண்களில் 100க்கு 6தான் இழந்தன. 1976இல் இதை வெளியிட்டு, இனிச் சும்மா விட்ட கண்களுக்கும் வேண்டியபோது வைத்தியம் செய்யலாம் என்று விதியை மாற்றினார்கள். 1985இல் வந்த மற்றொரு சோதனை, மையத்தில் நீர் கசிந்து வீங்கிய கண்களுக்கும் லேசரால் பார்வை இழப்புப் பாதியாய்க் குறையும் என்று காட்டியது.

ஒரே தலைவிதியுள்ள 2 கண்களில் ஒன்று போகிறது, ஒன்று நிற்கிறது என்றால், தலைவிதி எங்கே போயிற்று? இப்படி ஒரு சோதனைக்குக் கண்மலரை ஆட்படுத்த எந்தக் கோவில் தர்மகர்த்தாவாவது சம்மதிப்பாரா? கல்லில் செய்த சாமிக்குக் கண் திறப்பதற்கே ஸ்தபதி உளியோடு வர வேண்டியிருக்கிறது. தன் கண்ணைத் தானே திறந்துகொள்ள யோக்கியதை இல்லாத சாமி உங்கள் கண்ணைத் திறக்கும் என்று நம்புவது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

சுடுவதால் எப்படிக் குணம் உண்டாகிறது என்று கேட்பீர்கள். மறுபடியும் கடைமடைக்கே வருவோம். இருக்கிற தண்ணீர் எல்லா வயலுக்கும் போதாது என்றால், ஓரத்து வயல்களைத் தரிசாகப் போட்டு, நடுவிலுள்ள நல்ல பயிரைக் காப்பாற்றுவோம் அல்லவா? அதுபோல் விழித்திரையின் ஓரப் பாகத்தில் 1,200 முதல் 1,600 வரை சிறு சிறு பொட்டுகளாக லேசரால் சுடுகிறார்கள். அந்தப் பாகத்துக்குப் பிராணவாயு தேவை குறைகிறது. பட்டினிக் கூச்சல் அடங்குகிறது. கள்ள வாய்க்கால்களாகிய புதுக் குழாய்கள் சுருங்கிப் போகின்றன. நடுப் பார்வை தப்புகிறது.

இதற்கு விலை இல்லையா என்றால், இருக்கிறது. அதை மறைப்பது நாணயமாகாது. ஓரத்தைத் தியாகம் செய்வதால் பக்கவாட்டுப் பார்வை சற்றுக் குறையலாம். இரவில் தடுமாற்றம் இருக்கலாம். சிலருக்குக் கொஞ்ச நாள் பார்வை மங்குவதும் உண்டு. இதை முன்னதாகவே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புரோகிதனிடம் அர்த்தம் கேட்காமல் மந்திரத்துக்குத் தலையாட்டியதுபோல் டாக்டரிடமும் தலையாட்ட வேண்டாம்.

அன்றியும் மற்றொரு சங்கதி. "லேசர் வைத்தும் எனக்குப் பார்வை கூடவில்லை, பணம் வீண்" என்று சொல்லிப் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அவர்கள் பேச்சைக் கேட்டுப் போகாமல் இருப்பவர்கள் அதைவிடப் பலர். லேசர் போன பார்வையைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஏற்பட்டதல்ல. இருக்கிற பார்வையைக் காப்பதற்கு ஏற்பட்டது. ஏரிக்கரையைப் பலப்படுத்தினால் தண்ணீர் கூடவில்லையே என்று யாராவது குறை சொல்லுவார்களா? கரை உடையாமல் இருப்பதுதான் லாபம். ஆகவே பார்வை நன்றாய் இருக்கும்போதே போனால்தான் இந்த வைத்தியத்தின் முழுப் பலனும் கிடைக்கும். கண் இருண்ட பிறகு போகிறவனுக்கு டாக்டர் செய்யக்கூடியது கொஞ்சமே.

இக்காலத்தில் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. புதுக் குழாய்களை முளைக்க வைக்கும் அந்த ரசாயனப் பொருளையே அவை அடக்குகின்றன. மையத்தில் வீக்கம் கண்டு பார்வை குறைந்தவர்களுக்கு இப்போது பெரும்பாலும் ஊசியே முதல் வைத்தியம். அது பார்வையைக் கூட்டவும் செய்கிறது. ஆனால் ஊசியை ஒரு தடவை போட்டு நிறுத்த முடியாது, பல தடவை போட வேண்டும். நடுவில் வராமல் நின்றுவிட்டால் கேடு அதிகம். அடிக்கடி வர முடியாத கூலிக்காரருக்கும் கிராமத்தாருக்கும் புதுக் குழாய் வியாதியில் லேசர் இன்றும் பெரிய துணை. சொட்டு மருந்து விட்டு மரத்துப்போகச் செய்து, உட்கார்ந்தபடியே செய்கிறார்கள். படுக்கை வேண்டாம், அன்றைக்கே வீடு திரும்பலாம்.

"நாங்கள் கடவுள் பக்தி உள்ளவர்கள், உங்கள் கட்சிக்காரர்கள் அல்ல" என்று சொல்லுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி பெரிய பக்திமான். அரவிந்தரைக் குருவாகக் கொண்டவர். நமக்கும் அவருக்கும் அந்த விஷயத்தில் ஒத்துவராது. ஆனால் கண் புரையோடு வந்தவனை அவர் பஜனை செய்யச் சொல்லவில்லை. மூட்டு வாதத்தால் கோணிப்போன தம் விரல்களால் கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு ஆபரேஷன் செய்தார். பக்தி உள்ள டாக்டருக்கே கத்திதான் கண் கொடுத்தது என்றால், உங்களுக்கு மட்டும் கண்மலர் எப்படிக் கண் கொடுக்கும்?

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? 2023இல் வெளியான இந்திய வைத்திய ஆராய்ச்சிக் குழுவின் கணக்குப்படி இந்நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சுமார் 10 கோடிப் பேர். இக்கூட்டத்திலேயே ஒவ்வொரு வரிசையிலும் ஒருவராவது இருப்பீர்கள். 2021இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தால் மாத்திரை வீடு தேடி வந்தது. ஆனால் கண்ணுக்குள் பார்க்கும் கருவிக்கு முன்னால் நாம்தான் போய் உட்கார வேண்டும். நடுவயதிற்கு மேல் சர்க்கரை கண்டவர்கள், கண்டவுடனேயே ஒரு தடவையும், பிறகு வருஷத்திற்கு ஒரு தடவையும் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைக் காட்ட வேண்டும். விரித்த பிறகு சில மணி நேரம் பார்வை மங்கும். அதனால் துணைக்கு ஆள் அழைத்துப் போங்கள், சைக்கிள், மோட்டார் ஓட்டாதீர்கள். சர்க்கரையோடு ரத்தக் கொதிப்பையும் அடக்குங்கள். ரத்தக் கொதிப்பை நன்றாய் அடக்கியவர்களுக்குக் கண் வியாதி முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 1998இல் இங்கிலாந்துச் சோதனை காட்டியது.

தாய்மார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்பிள்ளைக்குக் கண் மங்கினால் சம்பாத்தியம் போய்விடும் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். வீட்டிலிருக்கும் பெண்ணுக்குக் கண் மங்கினால், "நீ என்ன படிக்கப் போகிறாயா?" என்கிறோம். அரிசியில் கல்லைப் பொறுக்குவதும் அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருப்பதும் கண்ணால் அல்லவா? சர்க்கரை வியாதியுள்ள பெண் கர்ப்பமானால் கண் வியாதி வேகமாய் முற்றக்கூடும். ஆகவே முதல் 3 மாதத்திற்குள்ளேயே கண்ணைக் காட்ட வேண்டும். கிரகணத்தன்று கர்ப்பிணியைப் பூட்டி வைப்பதில் காட்டும் சிரத்தையை இதில் காட்டினால், கண்ணாவது மிஞ்சும்.

முடிவாக, நம் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். ஒவ்வொரு ஊரிலும் நம்மவர்கள் தங்கள் தெருவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் யார் யார், அவர்களில் இந்த வருஷம் கண் காட்டியவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். காட்டாதவர்களைப் பஸ் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஆஸ்திகரா நாஸ்திகரா என்று பார்க்க வேண்டாம். வியாதி அதைப் பார்ப்பதில்லை. பட்டியலில் முதல் பெயர் உங்கள் பெயராயிருந்தால், முதலில் நீங்களே போங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்ப வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள், உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டால் செய்யுங்கள். அதோ அந்த மூன்றாவது வரிசையில் நம் நெசவுத் தோழர் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரையும் கேளுங்கள். ஒரே தலையில் 2 கண். ஒன்று அம்மனிடம் விடப்பட்டது, ஒன்று டாக்டரிடம் காட்டப்பட்டது. இன்று உங்களை அவர் பார்ப்பது எந்தக் கண்ணால் என்று அவரே சொல்லுவார்.